காற்றும் முள்ளும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கடிதம் எழுதியபொழுது, எதனைப் பற்றி எழுதுவதென்று யான் பெரிதும் மயங்கினேன். கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும் எழுதத் தக்கார் பலர் உளர். நம் அதிபர்களின் பெருமையையும், துடுப்பாட்டக் களத்தில் நம்மவர் ஈட்டிய வெற்றிகளையும் என்னினும் நன்கறிந்தோர் எழுதுவர். முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு ஐயந்திரிபற விளங்கிய பொருள்கள் இரண்டே. ஒன்று கணிதம், மற்றையது துவிச்சக்கரவண்டியின் ரயரும் ரியூப்பும். கணிதத்தைப் பற்றி எழுதினால் மாணவர் பக்கத்தைப் புரட்டிவிடுவர். ஆகவே மற்றையதை எடுத்துக்கொண்டேன். நகைப்பவர் நகைக்கட்டும். ரியூப்பிலே இருந்த ஒரு துளையை யான் காணத் தவறியதால் ஒரு மாணவனின் வாழ்வு திசைமாறிற்று. அதனை இதுகாறும் யான் எவர்க்கும் எழுதியதில்லை.

கல்லூரியிற் பயின்ற காலத்தில், அஃதாவது 1960களின் பிற்பகுதியில், தந்தையார் ஓட்டிக் கழித்த றலி வண்டி ஒன்று எனக்கு வாய்த்தது. இருபத்தெட்டு அங்குலச் சில்லும், ஒன்றரை அங்குல அகல ரயரும், கம்பியால் இயங்கும் தடையும் உடைய அவ்வண்டியை இன்றைய மாணவர் அரும்பொருட்காட்சிச் சாலையிலேதான் காணக்கூடும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிற் காற்றுப் போவது நாளாந்த நிகழ்ச்சி. காற்றுப் போனால் சந்தியிலுள்ள கடைக்கு உருட்டிச் செல்வோம். கடைக்காரர் ஒட்டுப் போடுவார். சில சதங்களைக் கொடுத்துவிட்டு, பிந்தி வந்தமைக்கு வகுப்பாசிரியரிடம் பிரம்படியும் பெறுவோம். காற்றுப் போனமைக்குக் காரணம் யாதென ஒருவரும் வினவியதில்லை. 'புறப்பட்ட நேரம் சரியில்லை' என்பார் என் பேர்த்தியார். யானும் அதனையே நம்பினேன். பௌதிகமும் கணிதமும் படித்துக்கொண்டே அதனை நம்பினேன் என்பதையும் ஈண்டு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

1981ஆம் ஆண்டில் புத்தளம் மாவட்டத்தின் கரையோரப் பாடசாலை ஒன்றுக்கு ஆசிரியனாக அனுப்பப்பட்டேன். சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் பெருவீதியில், உப்பளங்கள் வெண்மையாய் விரிந்து கிடக்கும் பாலாவிச் சந்தியிலே இடப்புறந் திரும்பினால் கற்பிட்டிக்குச் செல்லும் வீதி. கிழக்கே களப்பு, மேற்கே பெருங்கடல், இடையே மணல். நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை என ஊர்கள் அவ்வீதியை அடுத்து நிற்கும். தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இற் பிறந்தது இவ்வீதியின் முடிவிலுள்ள கற்பிட்டியிலேதான் என்பதை அறிந்தபொழுது, அவர் காலத்தில் இம்மணலை எங்ஙனங் கடந்தார்களோ என்று வியந்தேன். ஏனெனில் தார் வீதியை விட்டு ஒரு பாகம் விலகினாலும் சில்லு மணலிற் புதையும்.

மணலினுங் கொடியது நெருஞ்சி. மழை பெய்து ஓய்ந்ததும் வெங்காயத் தோட்டங்களின் ஓரத்திலும் வீதிக்கரையிலும் அது தரையோடு தரையாய்ப் படரும். அதன் மஞ்சள் மலரைச் சங்கப் புலவரும் பாடினர். மென்மையான அடிக்குப் பகையாக நெருஞ்சிப் பழத்தை வள்ளுவர் சொன்னார்; அது ரயருக்கும் பகையென்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. அப்பழம் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீண்ட முள்ளும் இரண்டு குறுகிய முள்ளும் உள. அத்துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேனோக்கி நிற்கும். யானைப் படையையும் குதிரைப் படையையும் தடுக்கப் பண்டை மன்னர் வழியிலே தூவிய இரும்பு முள்ளுக்கும் நெருஞ்சிமுள் என்றே பெயர். இஃதன்றி, வேலிகளில் அடைத்த விடத்தல் முள்ளும், ஈச்ச முள்ளும், மீனவர் எறிந்த தூண்டிலும், சங்கு சிப்பிகளின் உடைவும், பாரவண்டிகளின் ரயர் வெடித்துச் சிதறிய மெல்லிய உருக்குக் கம்பியும் அவ்வீதியில் எந்நாளும் உண்டு.

இத்துணைப் பகைவரிடையே யான் ரயர் வாங்கிய முறையைச் சொல்ல நாணுகின்றேன். கடைக்குச் சென்று, உள்ளவற்றுள் விலை குறைந்தது எதுவென்று கேட்பேன். இரண்டு இருப்பின் மினுக்கமானதை எடுப்பேன். ரியூப்பையோ எஞ்ஞான்றும் புதிதாக வாங்கியதில்லை. ஒட்டின்மேல் ஒட்டாகப் பதினேழு ஒட்டுடைய ரியூப் ஒன்றை நெடுங்காலம் ஓட்டி, அதனைச் சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டாக மாணவர்க்கு வகுப்பிலே காட்டியதும் உண்டு. ஒட்டுப் போடுவதையும் யானே செய்துகொண்டேன். கணித ஆசிரியனுக்கு ஒரு துளையை அடைக்கத் தெரியாதா என்ற இறுமாப்பு.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கின்றேன். 1992ஆம் ஆண்டின் இறுதியில் க. பொ. த. சாதாரணதரப் பரீட்சை நடந்தது. என் வகுப்பில் மீனவர் ஒருவரின் மகன் இருந்தான். கேத்திரகணிதத்தில் அவனைப்போல் ஒருவனை யான் அதற்கு முன்னுங் கண்டதில்லை, பின்னுங் கண்டதில்லை. நிறுவலை எழுதிமுடித்தபின் அதனினுங் குறுகிய வழியொன்றைத் தானே கண்டு, வெட்கத்தோடு கொண்டுவந்து காட்டுவான். பரீட்சை மண்டபம் எங்கள் ஊரிலிருந்து ஏழு மைல். கணிதப் பரீட்சையன்று காலை, வழக்கமான பேருந்து வரவில்லை. அரை மணி காத்து நின்றபின் அவன் என் விடுதிக்கு ஓடிவந்தான். யான் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஏழு மைல் ஒரு மணித்தியாலப் பயணமுமன்று. நேரம் தாராளமாய் இருந்தது.

முன்னாள் மாலையில் யான் கடற்கரைக் குடியிருப்புக்குச் சென்றிருந்தேன். மணலிற் சில்லு புதையாதிருக்கக் காற்றைச் சற்றே இறக்கினால் ரயர் பரந்து மேலே மிதந்தாற்போல் ஓடும். அவ்வாறே இறக்கி ஓடினேன். திரும்பி வந்தபின் மீண்டும் அடிக்க மறந்தேன். அக்காற்றோடு இருவர் சுமையையும் ஏற்றிக்கொண்டு, இரண்டாம் மைலில் ஒரு மதகின் உடைந்த விளிம்பிலே பின்சில்லை இடித்தேன். உடனே காற்று இறங்கிற்று.

யான் பதறவில்லை. பையில் எல்லாம் இருந்தன. கரண்டிக் காம்பால் ரயரை நெம்பி, ரியூப்பை வெளியே இழுத்து, காற்றடித்துக் கன்னத்தருகே பிடித்துத் துளையைக் கண்டேன். தகட்டால் உரைஞ்சி, சொலூஷன் பூசி, ஒட்டுப் போட்டுப் பூட்டி ஓடினேன். அரை மைலில் மீண்டும் தட்டையாயிற்று. ஒட்டு நெகிழ்ந்துவிட்டதென்று கருதினேன். அவசரத்தில் சொலூஷன் உலரும்வரை பொறுக்கவில்லை என்பது உண்மையுமாகும். அதே ஒட்டை உரித்து, அதே துளைக்கு மீண்டும் ஒட்டினேன். மீண்டும் இறங்கிற்று. சொலூஷனும் தீர்ந்தது. பிறகு வண்டியை வேலியோரம் போட்டுவிட்டு இருவரும் ஓடினோம். அந்நேரம் பார்த்து அவ்வழியே ஒரு வாகனமும் வரவில்லை. மண்டபத்தை அடைந்தபொழுது, பிந்தி வருவோரை அனுமதிக்கும் எல்லை கடந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. மேற்பார்வையாளர் கடமை தவறாதவர். அவரிடம் யான் மன்றாடியதையும் அவர் முகம் வாடியதையும் விரித்து எழுத மனம் இல்லை. மாணவன் ஒன்றும் பேசவில்லை. மரத்தடியில் அமர்ந்து கொம்பாசுப் பெட்டியைத் திறந்து பார்த்தான், மூடினான்.

திரும்பும் வழியில் வண்டியை உருட்டிக்கொண்டு, ஆலங்குடாவை அண்டிய ஒரு மரநிழலில் இருந்த ஒட்டுக்கடைக்குச் சென்றேன். அக்கடை அங்கே தோன்றி இரண்டாண்டு ஆகியும் அன்றே முதன்முறை அதனுட் புகுந்தேன். கடையென்பது ஓலைக் கூரையும், ஒரு பழைய பேசின் நிறைய நீரும், ஒரு காற்றுப் பம்பும், மரப்பெட்டி ஒன்றுமே. அதனை நடத்தியவர் அறுபதை அணுகிய முஸ்லிம் பெரியார். அவரை எல்லாரும் நானா என்றே அழைத்தனர். ரியூப்பை வாங்கி, நீரில் அமிழ்த்தாமலே விரலால் ஒருமுறை தடவினார்.

"மாஸ்டர், இதில ரெண்டு ஓட்டை. நீங்க ஒண்டைத்தான் ஒட்டியிருக்கிறீங்க" என்றார். பின்னர், "மணலில ஓடிப்போட்டுக் காத்து அடிக்காமல் ஆள் ஏத்தினீங்களா?" என்று கேட்டார்.

நாடி பிடித்த வைத்தியர், நோயாளி முன்னாள் உண்டதைச் சொல்வதுபோல் இருந்தது. சில்லு விளிம்பில் இடிபடும்பொழுது ரயர் நசுங்கி, இரும்பு றிம்முக்கும் கல்லுக்கும் இடையே ரியூப் அகப்படும். றிம்முக்கு இரண்டு விளிம்பு உண்டாகையால், பாம்பு தீண்டிய தடம்போல் இரண்டு துளைகள் அடுத்தடுத்து விழும். முள் குத்தினால் துளை ஒன்று. இடிபட்டால் இரண்டு. ஒரு துளையைக் கண்டதும் தேடுதலை நிறுத்தியவன் யான். ஒரு சமன்பாட்டுக்கு இரண்டு மூலங்கள் இருக்கலாம், ஒன்றைக் கண்டவுடன் விடையெழுதிவிட்டு எழும்பாதே என்று எத்தனை மாணவர்க்குச் சொல்லியிருப்பேன்!

அவரை எந்த ஊரென வினவினேன். யாழ்ப்பாணம், சோனகத் தெரு என்றார். எம் கல்லூரியின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "உங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எத்தினை ஒட்டுப் போட்டிருப்பன்" என்றார். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், வடமாகாணத்திலிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபொழுது, யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலமே. அவர்களிற் பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் புத்தளமும் கற்பிட்டிக் கரையும். நானா தம் கடையையும், அதில் தொங்கிய புதிய ரயர்களையும், பழுதுபார்க்க விடப்பட்டிருந்த பிறர் வண்டிகளையும் விட்டுவந்தார். பிறர் வண்டிகளை உரியவரிடம் ஒப்படையாமல் வந்ததே அவருக்குப் பெருங்குறையாய் இருந்தது. அவர் அதனைச் சொன்னபொழுது யான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் அன்று அதனைத் தடுக்க ஒருவரும் இல்லை. பின்னரும் அதுபற்றி எம்மவருள் உரத்துப் பேசியோர் சிலரே. யானும் பேசியவனல்லேன். அன்றைய ஒட்டுக்கு அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அந்நாள்முதல் மாலை வேளைகளில் அவர் கடையில் அமரலானேன். ரயரையும் ரியூப்பையும்பற்றி யான் அறிந்தவற்றிற் பெரும்பகுதி அங்கே கற்றது.

அவருடைய முதற்பாடம், ஒட்டுப் போடுமுன் காரணத்தைத் தேடு என்பது. ரியூப்பைக் கழற்றும்பொழுது வால்வு இருந்த இடத்தை ரயரிலே சுண்ணக் கட்டியால் குறிப்பார். ரியூப்பில் துளையைக் கண்டதும், அதனை ரயரோடு ஒப்பிட்டு, முள் இருக்கவேண்டிய இடத்தை அளந்துவிடுவார். அவ்விடத்தின் உட்புறத்தைத் துணியால் துடைப்பார். துணி சிக்கினால் அங்கே முள். நெருஞ்சியின் நுனி உட்புறத்தில் அரை நெல்லளவுகூட நீட்டிக்கொண்டிராது. கண்ணுக்குத் தெரியாத அதனை விட்டுவிட்டு எத்தனை ஒட்டுப் போட்டாலும் பயனில்லை. துளை ரியூப்பின் உட்புறத்தில், அஃதாவது றிம்மை நோக்கிய பக்கத்தில் இருப்பின், குற்றவாளி வீதியன்று, வண்டியே. கம்பியின் முனை நீண்டிருக்கும், அல்லது அதனை மூடும் றிம் பட்டி விலகியிருக்கும். எங்கள் கரையிலே இஃது மிகுதி. உப்புக் காற்று இரும்பு றிம்மை அரிக்க, துரு செதிள் செதிளாய் எழுந்து ரியூப்பை உராயும். முள்ளையே வைதுகொண்டிருந்த எனக்கு, என் பதினேழு ஒட்டுகளில் ஆறேழு துருவின் செயல் என்பது அப்பொழுதே விளங்கிற்று. றிம்மைச் சுரண்டித் துடைத்து, பழைய ரியூப்பிலிருந்து அறுத்த பட்டியொன்றை நன்றாய் இழுத்து அதன்மேற் கட்டினார். அவ்வகைத் துளை அதன்பின் எனக்கு விழுந்ததேயில்லை.

வால்வைப்பற்றியும் ஒரு சொல். பழைய வண்டிகளின் வால்வுக்குள்ளே மெல்லிய ரப்பர்க் குழலொன்று காற்றைத் தடுத்து நிற்கும். அது நாட்பட்டு வெடித்தால் காற்று மெல்ல மெல்ல இறங்கும். ரியூப்பிலே துளையைத் தேடுவோர் மாலைவரை தேடலாம். வால்வின் வாயில் எச்சிலைத் தடவி, குமிழி எழுகிறதாவென்று முதலிற் பார்க்கவேண்டும்.

அடுத்தது ரயரைத் தெரிதல். நானா புதிய ரயரைக் கையில் எடுத்தால் மினுக்கத்தைப் பாரார். இரண்டு கையாலும் பிடித்து நடுப்பகுதியை அமுக்கி அதன் தடிப்பைப் பார்ப்பார். பின் பக்கச் சுவரை மடித்து, உள்ளே நூலிழை நெருங்கியிருக்கிறதா, மடித்த இடத்தில் வெடிப்புத் தோன்றுகிறதா எனப் பார்ப்பார். கடையில் நெடுங்காலம் வெயில்படத் தொங்கிய ரயர் புதியதேயாயினும் பழையது என்பார். நடுவிலே தொடர்ச்சியான தடித்த வரி உடைய ரயரே வீதிக்கு நன்று; ஆழ்ந்த பூவேலை மணலுக்கும் சேற்றுக்கும் உதவுமேயன்றி, தார் வீதியிற் பள்ளந்தோறும் கல்லையும் கண்ணாடியையும் கொண்டுதிரியும். அப்படி ஒட்டிய துணுக்கு முதற் சுற்றிலேயே ரியூப்பை எட்டுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக உட்புகுந்து, மறுநாளோ மூன்றாம் நாளோதான் காற்றைப் பறிக்கும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை சில்லைச் சுழற்றி, ஆணிமுனையால் துணுக்குகளைக் கிளறி எறிந்தாற் பாதித் தொல்லை தீரும். மழைநாளிற் கூடுதற் கவனம் வேண்டும். நனைந்த ரப்பரைக் கண்ணாடி எளிதில் அறுக்கும்.

பின்சில்லில் அடிக்கடி காற்றுப் போவதேன் என்று ஒருநாட் கேட்டேன். சுமையிற் பெரும்பங்கு அங்கேதான். அதுவுமன்றி, தரையிலே கிடையாய்க் கிடக்கும் ஆணியை முன்சில்லு தட்டி நிமிர்த்த, நிமிர்ந்ததைப் பின்சில்லு ஏற்றுக்கொள்கிறது என்றார்.

காற்றைப்பற்றி மட்டும் அவருக்குக் கணிதத்தால் யான் ஒரு விளக்கம் கொடுத்தேன். பின்சில்லில் 150 இறாத்தல் சுமை ஏறுகிறதென்று கொள்க. ரயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தலாயின், ஏறத்தாழ மூன்று சதுர அங்குலம் தரையிற் படிந்தாற் போதும். அழுத்தம் 25 ஆகக் குறைந்தால் ஆறு சதுர அங்குலம் படியவேண்டும். ரயர் அந்த அளவுக்கு நசுங்கும். றிம்முக்கும் தரைக்கும் இடைவெளி அற்றுப்போகும். யான் மணலிலே இதனைக் கரும்பலகையாக்கி எழுதிக் காட்ட, நானா பொறுமையாய்க் கேட்டுவிட்டு, தம் பெருவிரலால் ரயரை ஒருமுறை அமுக்கி, "அதைத்தான் மாஸ்டர் இந்த விரல் சொல்லுது" என்றார். ஆயினும் ஒன்று: கூடுதற் காற்றும் தீதே. கல்போல் இறுகிய ரயர் முள்ளுக்கு வளைந்துகொடாது.

ரியூப்பில் இருவகை உண்டு. இயற்கை ரப்பராலானது நன்கு இழுபடும். சிறு முள்ளுக்குச் சற்று விலகிக்கொடுக்கும். ஒட்டும் நன்கு பிடிக்கும். ஆனால் காற்று அதனூடே மெல்லக் கசியும். 1937இல் அமெரிக்க இரசாயனர் கண்ட பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் காற்றைப் பன்மடங்கு நன்றாகக் காக்கும். இடிபட்டுத் துளைபடுவது பெரும்பாலும் காற்றுக் குறைவதனால் ஆகலின், நாள்தோறும் காற்றைப் பார்க்கும் பொறுமையில்லாத என் போன்றார்க்குப் பியூட்டைலே தக்கது. தடித்த ரியூப் முள்ளைச் சற்றே தாமதப்படுத்தும், தடுப்பது ரயரே. ரயருக்கு மிச்சம் பிடித்து ரியூப்பிற் செலவிடுவது, ஓட்டைக் கூரையின் கீழ் விலையுயர்ந்த பாயை விரிப்பது போன்றது. பழைய ரியூப்பைப் பிளந்து ரயருக்கும் ரியூப்புக்கும் இடையே உட்பட்டியாக இடும் வழக்கம் எங்கள் கரையில் உண்டு. நெருஞ்சிக்கு அது நல்ல மாற்று. ஆயின் அதன் நுனிகளைச் சரிவாய்ச் சீவாவிட்டால், அந்நுனியே நாளடைவில் ரியூப்பை அறுக்கும்.

நானாவிடம் கேட்டவற்றை யான் பின்னர் நூல்களிலும் தேடிப் படித்தேன். காற்றடைத்த ரயரைக் கண்டவர் டன்லொப் என்றே பள்ளியிற் கற்றோம். அவர் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த மிருக வைத்தியர். தம் மகனுடைய முச்சக்கரவண்டிக்காகச் செய்து, 1888இல் உரிமம் பெற்றார். ஆனால் 1845இலேயே றொபேட் தொம்சன் என்னும் மற்றொரு ஸ்கொத்லாந்தர் அதற்கு உரிமம் பெற்றிருந்தமை பின்னர் தெரியவர, டன்லொப்பின் உரிமம் செல்லாதாயிற்று. தொம்சன் காலத்தில் அதனைப் பூட்டி ஓட்டத் துவிச்சக்கரவண்டி பரவியிருக்கவில்லை. இதனினும் என்னைக் கவர்ந்த செய்தி நம் நாட்டைப் பற்றியது. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ரப்பர் விதைகளின் நாற்றுகள், அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. டன்லொப் தம் ரயருக்கு உரிமம் பெறுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னமே அம்மரம் இங்கே வேரூன்றிவிட்டது. இத்துணை ரப்பர் விளையும் நாட்டில் யான் பதினேழு ஒட்டோடு ஓடியதற்கு மன்னிப்பு ஏது?

சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனாரின் பேரன் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்தான். கற்பிட்டிக் கடலிற் பட்டத்தைப் பிடித்துச் சறுக்கும் விளையாட்டுக்குப் பிறநாட்டார் பலர் வருகின்றனரல்லவா. அவனும் அதற்கே வந்தவன். பந்தயவண்டி ஒன்றையும் பெட்டியிலிட்டுக் கொண்டுவந்திருந்தான். அதன் ரயர் இருபத்தைந்து மில்லிமீற்றர் அகலம். என் பெருவிரலினுஞ் சற்றே பெரிது. மூன்று நாளில் நான்கு முறை காற்றுப் போயிற்று. ஒவ்வொரு முறையும் பழையதை எறிந்துவிட்டுப் புதிய ரியூப் மாட்டினான். யான் நான்கையும் பொறுக்கிப் பார்த்தேன். இரண்டில் நெருஞ்சி, ஒன்றில் இரட்டைத் துளை, நான்காவதில், முதல் முள்ளே எடுக்கப்படாமல் இருந்து மீண்டும் குத்தியிருந்தது.

அவனுடைய வண்டியின் கவை இருபத்தெட்டு மில்லிமீற்றருக்கு இடங்கொடுத்தது. அந்த அகலத்தில், நடுவிலே அரமிட் இழைப்பட்டி வைத்த ரயர் இரண்டைக் கொழும்பிலிருந்து வருவிக்கச் சொன்னேன். 1965இல் ஸ்ரெபனி குவொலெக் என்னும் அம்மையார் கண்டறிந்த இழையின் இனம் அது. குண்டு துளையாக் கவசத்துக்கும் அதனையே நெய்வர். பட்டிக்குப் பதிலாகத் தடித்த மென்ரப்பர்ப் படையை உள்வைத்த ரயர்களும் உண்டு. அவை பாரமானவை, ஓட்டத்தை மந்தமாக்குபவை. ஆயினும் பாடசாலைக்கும் சந்தைக்கும் செல்வோர்க்கு அவையே சிறந்தவை என்பது என் துணிபு. ரியூப்பே இல்லாமல், ரயருக்குள் ஒருவகைப் பாலை ஊற்றி ஓட்டுவதும் இப்பொழுது உண்டென்று அவன் சொன்னான். முள் குத்தியதும் பால் பாய்ந்து உறைந்து துளையை அடைத்துவிடும். அப்பாலிற் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ரப்பர் மரத்துப் பாலே என்று அறிந்து சிரித்தேன். நம் வெயிலில் அது விரைவில் உலர்ந்துவிடும். சில மாதங்களுக்கொருமுறை மீண்டும் ஊற்றவேண்டும். பெரிய கிழிசலுக்கு அதுவும் பயன்படாது. புதிய ரயர் பூட்டியபின் இரண்டு கிழமை அவன் ஒருமுறைதான் இறங்கி நின்றான்.

நானா 2009இற்குப் பின்னர் ஊர் திரும்பியோருள் ஒருவரல்லர். அதற்கு இரண்டாண்டு முன்னரே காலமாகி, ஆலங்குடா மண்ணிலே அடங்கிவிட்டார். கடையை அவர் மகன் நடத்துகிறான். இப்பொழுது அது சீமேந்துக் கட்டடம்.

அம்மாணவனோ மறுமுறை பரீட்சைக்குத் தோற்றவில்லை. அடுத்த ஆண்டு தோற்றச் செய்யவேண்டுமென்று அவன் குடிசைக்கு ஐந்து முறை சென்றேன். "கடலுக்குப் போறவனுக்கும் கணக்கு வேணும்தானே சேர், வீணாப் போகாது" என்று அவன் தந்தையார் எனக்கே ஆறுதல் கூறினார். அவன் என்னை ஒருநாளும் குறைகூறியதில்லை. யானும் அந்த இரண்டாவது துளையைப்பற்றி அவனிடம் சொல்லியதில்லை. பேருந்து வராமையும் ஊழுமே காரணமென்று அவன் எண்ணிக்கொண்டிருப்பான் என நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை எனக்கு வசதியாகவும் இருந்தது.

சென்ற ஆண்டு கண்டக்குழிக் கரையில், மீன் ஏலம் முடிந்த நேரத்தில் அவனைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. சொந்தமாக இரண்டு படகு; மகள் பல்கலைக்கழகத்திற் பொறியியல் படிக்கிறாள். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். புறப்பட யான் வண்டியை எடுத்தபொழுது, அவன் குனிந்து பின்சில்லைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தான். நானா அமுக்கும் அதே முறை.

"காத்துக் கொஞ்சம் கொறவு சேர். அன்னைக்கு மாதிரி ரெண்டு ஓட்டை விழுந்திரும்."

யான் திகைத்து நின்றேன்.

"நானா அப்பவே சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டே, படகிலிருந்து பம்பை எடுத்துவந்து, என்னை வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காற்றடிக்கத் தொடங்கினான்.